பிரசவத்தில் கை நரம்பு அடிபட்ட குழந்தை: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோரத்துப் பெற்றோரும், அவர்கள் வீட்டுக்கு வந்து போகும் கிராம சுகாதார செவிலியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பிள்ளையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொன்னது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

பிறந்ததிலிருந்து பிள்ளை ஒரு கையை மட்டும் அசைக்கவில்லை. என்னவாக இருக்கும்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் இழுபட்டிருக்கலாம், காறை எலும்பு முறிந்திருக்கலாம், அல்லது மேற்கை எலும்பு முறிந்திருக்கலாம். நரம்பும் எலும்பும் சேர்ந்தே அடிபடுவதும் உண்டு.

எலும்பு முறிந்த பிள்ளை வலியால் கையை அசைக்காது. அந்த இடத்தைத் தொட்டாலே வீறிட்டு அழும். நரம்பு அடிபட்ட பிள்ளையின் கையைத் தூக்கினால் அவ்வளவு அழுகை இருக்காது, ஆனால் விட்டதும் கை தொப்பென்று விழும். காறை எலும்பு முறிவு இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே கூடிவிடும். ஒரு வாரம் பத்து நாளில் அங்கே கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்படும். எலும்பு கூடுவதால் வருவது அது, பயம் வேண்டாம்.

பிறந்தபோது நன்றாக ஆடிய கை நாலைந்து நாள் கழித்தோ இரண்டாவது வாரத்திலோ அசைவை நிறுத்தினால் அதற்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை. தோள் மூட்டிலோ எலும்பிலோ சீழ் பிடித்திருக்கலாம். பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலேகூட இது வரும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று இரவைக் கடத்தக் கூடாது.

எந்த நரம்பு? எப்படி அடிபடுகிறது?

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்புக்கு அடியில் புகுந்து கைக்குப் போகின்றன. சி5, சி6, சி7, சி8, டி1 என்று அவற்றுக்குப் பெயர். இந்தப் பின்னலைத்தான் மருத்துவர்கள் பிரேக்கியல் பிளெக்சஸ் என்கிறார்கள். தலை வெளியே வந்த பிறகு தோள் உள்ளே மாட்டிக்கொண்டால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இந்தப் பின்னல் இழுபடுகிறது.

எவ்வளவு இழுபட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நங்கூரக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு விறைத்து, பிறகு பழையபடி தளரலாம். வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே சில புரிகள் அறுந்திருக்கலாம். நடுவில் அறுந்தே போகலாம். கட்டிய இடத்திலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டும் வரலாம். முதல் வகை சில நாட்களிலிருந்து சில வாரங்களில் சரியாகும். இரண்டாவதில் நரம்பு மீண்டும் வளர வேண்டும், அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். மூன்றாவதும் நான்காவதும் தானாகச் சரியாகாது. தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்ட வேரை எந்தப் பயிற்சியாலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

முதல் நாளில் இந்த நான்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் மருத்துவர் உடனே உறுதியாக எதுவும் சொல்வதில்லை. வாரம் போகப் போக எந்தத் தசை எப்போது அசைகிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும்.

கையைப் பார்த்தே எந்த நரம்பு என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். மிக அதிகம் காணப்படுவது மேல் வேர்கள் சி5, சி6 அடிபடுவது. எர்ப்ஸ் பால்சி என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுவார்கள். கை உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி கிடக்கும். விரல்கள் மட்டும் நன்றாகப் பிடிக்கும். உங்கள் சுண்டுவிரலை அந்தக் கைக்குள் வைத்தால் பிள்ளை இறுக்கிக்கொண்டால் நல்ல சேதி. கீழ் வேர்கள் தப்பியிருக்கின்றன. சி7-ம் சேர்ந்து அடிபட்டால் மணிக்கட்டும் தொங்கும்.

தோளிலிருந்து விரல்வரை முழுக் கையும் துவண்டு கிடந்தால் ஐந்து வேரும் அடிபட்டிருக்கின்றன. அதோடு அதே பக்கத்துக் கண் இமை சற்றுத் தொங்கி, கண்மணி மற்றதைவிடச் சிறியதாக இருந்தால் கீழ் வேர் தண்டுவடத்தோடு சேர்த்துப் பிடுங்கப்பட்டிருக்கக்கூடும். கடுமையான வகை இது. விரல் மட்டும் அசையாமல் தோள் நன்றாக இருப்பது மிக அரிது.

மூச்சையும் கவனியுங்கள். மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் கழுத்தின் அதே பகுதியிலிருந்துதான் கிளம்புகிறது. பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்கும்போது திணறினாலோ மார்பு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிரசவம் பார்த்தவர்கள் இழுத்ததால்தானே இப்படி?

சில நேரம் ஆம், பல நேரம் அப்படிச் சொல்ல முடியாது. தலை வந்து தோள் மாட்டிக்கொண்டால் சில நிமிடத்துக்குள் பிள்ளையை வெளியே எடுக்காவிட்டால் மூளைக்கு ஆக்சிஜன் போகாது. அந்த நிமிடங்களில் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். தாயின் இரு தொடைகளையும் வயிற்றோடு நன்றாக மடக்கிப் பிடிக்க வேண்டும். அடிவயிற்றில், பூப்பெலும்புக்குச் சற்று மேலே, கையால் அழுத்தித் தோளை நகர்த்த வேண்டும். அதிலும் வராவிட்டால் உள்ளே கைவிட்டுத் தோளைச் சுழற்றுவார்கள், அல்லது பின்பக்கத்துக் கையை முதலில் எடுப்பார்கள். தாயை நாலு காலில் மண்டியிடச் சொல்வதும் உண்டு. தலையைப் பக்கவாட்டில் வளைத்து இழுப்பதும், வயிற்றின் மேற்பகுதியிலிருந்து அமுக்குவதும் கூடவே கூடாது. மேலிருந்து அமுக்கினால் மாட்டிய தோள் இன்னும் இறுகும்.

எல்லாம் முறையாகச் செய்தும் நரம்பு அடிபட்ட குழந்தைகள் உண்டு. கருப்பை சுருங்கும் விசையே போதும். சிசேரியனில் பிறந்த பிள்ளைக்கும் அரிதாக இது வருகிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு என்ற கணக்கில் நடப்பது. அதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முன்கூட்டியே சொல்லும்படியான காரணம் எதுவும் இருப்பதில்லை. யாரைக் குற்றம் சொல்வது என்பதைவிட முதல் வாரத்தில் முக்கியமானது தாள்தான். தோள் மாட்டியதா, எந்தப் பக்கத்துத் தோள், ஆயுதம் போட்டார்களா, பிறப்பு எடை எவ்வளவு என்பவை டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன் என்னென்ன பார்த்திருக்க வேண்டும்?

காறை எலும்பும் மேற்கையும் மார்பும் தெரியும்படி எக்ஸ்ரே. இரு கைகளின் அசைவும் பிடிப்பும். கண் இமை, கண்மணி. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பது. கை நரம்பு அடிபட்ட பிள்ளைகளுக்குக் கழுத்துத் தசையும் இறுகியிருப்பது சாதாரணம். எம்.ஆர்.ஐ. முதல் வாரத்தில் தேவைப்படுவதில்லை. அறுவைச் சிகிச்சை யோசிக்கும் கட்டத்தில்தான் அதற்கு வேலை.

முதல் இரண்டு வாரம் எப்படித் தூக்குவது, எப்படி உடுத்துவது?

இழுபட்ட நரம்பைச் சுற்றி வீக்கமும் வலியும் இருக்கும். முதல் ஒரு வாரம் பத்து நாள் கைக்கு ஓய்வு. கையைக் கட்டிப்போட வேண்டாம். முழங்கையை மடக்கி வயிற்றின் மேல் வைத்து, சட்டைக் கையை உடுப்போடு ஒரு நாடாவால் தளர்வாக இணைத்தால் போதும். எலும்பும் முறிந்திருந்தால் இது மூன்று வாரம் வரை நீளலாம்.

அக்குளில் கைவிட்டுத் தூக்கக் கூடாது, இரு கையையும் பிடித்து எழுப்பவும் கூடாது. ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் அடியில், மற்றது இடுப்புக்கு அடியில். அடிபட்ட கை பின்னால் தொங்காமல் முன்னால் நெஞ்சோடு இருக்கட்டும். உடுத்தும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். தலைவழியாகப் போடும் சட்டையைவிட முன்னால் நாடா வைத்த பருத்திச் சட்டை மேல். இந்தக் கரையின் புழுக்கத்துக்கும் அதுதான் நல்லது.

பால் கொடுக்கும்போது அடிபட்ட பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். உங்கள் உடம்புக்கும் பிள்ளைக்கும் நடுவில் அந்தக் கை நசுங்கக் கூடாது. சேலைத் தொட்டிலில் உடம்பு சுருண்டுவிடும், கை முதுகுக்கு அடியில் போய்விடும். பிள்ளைக்கு அது தெரியவும் தெரியாது. முதல் மாதத்தில் பாயிலோ மெத்தையிலோ மல்லாக்கப் போடுவதே நல்லது. தொட்டில்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்து கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலில் போட்டுக் குளிப்பாட்டலாமா?

குளிப்பாட்டலாம், இழுக்கக் கூடாது. நம் ஊர்க் குளிப்பாட்டலில் தண்ணீரால் ஆபத்து வராது. கடைசியில் கை காலை நீட்டி உருவி விடுவது, வலக்கையையும் இடக்காலையும் குறுக்கே சேர்த்து இழுப்பது, கையைப் பிடித்து உதறுவது, காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டுவது, இவற்றில்தான் ஆபத்து. நல்ல கைக்கே இவை வேண்டாதவை. அடிபட்ட நரம்புக்கு ஒவ்வொரு இழுப்பும் முதல் காயத்தின் மேல் இன்னொரு காயம்.

குளிப்பாட்டுவது அம்மாச்சியோ அப்பத்தாவோ வெளியிலிருந்து வரும் ஆயாவோ, முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்: “இந்தக் கையை உருவ வேண்டாம், இழுக்க வேண்டாம், தூக்க வேண்டாம்.” மருமகள் சொன்னால் எடுபடாத வீடுகள் உண்டு. அங்கே செவிலியரை வரச் சொல்லி அவர் வாயால் சொல்ல வைப்பது பலன் தரும்.

செய்யும் முறை இது. காலில் மல்லாக்கக் கிடத்தி, அடிபட்ட கையை முழங்கை மடங்கியபடி நெஞ்சின் மேல் வைத்து, குளிப்பாட்டுபவர் தன் இடக்கையால் தலையையும் தோளையும் சேர்த்துத் தாங்க வேண்டும். குப்புறத் திருப்பும்போது அந்தக் கை பிள்ளைக்கும் காலுக்கும் நடுவில் மாட்டக் கூடாது. அக்குள் மடிப்பில் ஈரம் தங்கிப் புண்ணாகும். கை அசையாத பக்கத்தில் காற்றே படாது. கையை மெல்ல உடம்பிலிருந்து விலக்கி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். சாம்பிராணிச் சட்டியைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அந்தக் கைக்குச் சூடு உறைக்காமல் இருக்கலாம்.

உரம் விழுந்திருக்கிறது, எடுத்தால் சரியாகும் என்கிறார்கள்.

வேண்டாம். உரம் எடுப்பது என்றால் சேலையில் பிள்ளையைப் போட்டு இருபக்கமும் பிடித்து உருட்டுவது. கழுத்தும் தோளும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பும். நரம்பு அடிபட்டதும் அதே இழுப்பில்தான். சுளுக்கு வழிப்பதும் அப்படியே. உருட்டிய மறுவாரம் கை அசைந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. லேசான காயங்கள் பல அந்த வாரத்தில் எப்படியும் அசையத் தொடங்கும், பெயர் மட்டும் உரம் எடுத்தவருக்குப் போய்விடும்.

எண்ணெய் தேய்க்கலாமா? எந்த எண்ணெய்?

தோலுக்காகத் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவலாம். எந்த எண்ணெயும் நரம்பை வளர்க்காது.

கையில் கயிறு, கருவளை, தாயத்து கட்டியிருக்கிறோம். இருக்கட்டுமா?

மற்ற கைக்கு மாற்றிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த கையில் கயிறு இறுகினாலும் பிள்ளை அழாது. மணிக்கட்டு வீங்கிய பிறகுதான் நீங்கள் பார்ப்பீர்கள்.

பயிற்சியை எப்போது தொடங்குவது? வீட்டில் நாமே செய்யலாமா?

எலும்பு முறிவு இல்லையென்று எக்ஸ்ரேயில் தெரிந்தால், பெரும்பாலும் பத்தாம் நாளிலிருந்து இரண்டாவது வாரத்துக்குள். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டும். அதன் பிறகு வீட்டில் செய்வதுதான் பெரிய பங்கு. வாரம் ஒருமுறை ராமநாதபுரம் போய் அரை மணி நேரம் செய்துவிட்டு வந்தால் மட்டும் போதாது.

இந்தப் பயிற்சி எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் தவறு குறையும். நரம்பை இது வளர்க்காது. நரம்பு வந்து சேரும்வரை மூட்டு இறுகாமல் காப்பதுதான் இதன் வேலை. தோளை உள்பக்கம் திருப்பும் தசைகள் வேலை செய்யும், வெளிப்பக்கம் திருப்பும் தசைகள் செய்யாது. அதனால் தோள் மெல்ல மெல்ல உள்பக்கமாக இறுகி, பந்து மூட்டு பின்னால் நழுவத் தொடங்கும். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள்ளேயே இது வரலாம். நரம்பு திரும்பி வந்த பிறகும் மூட்டு கெட்டுப்போயிருந்தால் கை உயராது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், தோளை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை மல்லாக்கப் போடுங்கள். அடிபட்ட கையின் மேற்பகுதியை விலாவோடு ஒட்டி, முழங்கையைச் சரியாக 90 பாகை மடக்குங்கள். உங்கள் ஒரு கை அந்த முழங்கையை விலாவோடு பிடித்திருக்கட்டும். மற்றக் கையால் முன்கையைப் பிடித்து, வெளிப்பக்கமாகப் பாயை நோக்கி மெல்லத் திருப்புங்கள். இழுவை தெரியும் இடத்தில் நிறுத்தி 10 எண்ணுங்கள். பிறகு மெல்லத் திரும்ப விடுங்கள். ஐந்து தடவை. முழங்கை விலாவை விட்டு விலகினால் தோள் திரும்பாது, ஏமாந்துபோவோம். நல்ல கை எவ்வளவு திரும்புகிறது என்று பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து கையை மேலே தூக்குவது. உங்கள் உள்ளங்கையைப் பிள்ளையின் தோள்பட்டை எலும்பின் மேல் வைத்து அது நகராமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் முழங்கைக்கு மேலே பிடித்துக் காதுவரை கொண்டுபோங்கள். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். பிறகு முழங்கையை மடக்கி நீட்டுதல். முழுதாக நீளாவிட்டால் வலிந்து நீட்ட வேண்டாம். முழங்கை மடங்கியிருக்க, மணிக்கட்டுக்குச் சற்று மேலே பிடித்து உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்புதல். இதிலும் வலிமை காட்டினால் முழங்கை மூட்டு விலகும். கடைசியாக மணிக்கட்டையும் விரல்களையும் விரித்தல்.

ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து ஐந்து தடவை, துணி மாற்றும்போதெல்லாம். தனியாக நேரம் ஒதுக்கினால் விட்டுப்போகும். துணி மாற்றுவதோடு சேர்த்துவிட்டால் விடாது. வயிறு நிறைந்தவுடனும் வேண்டாம், பசித்து அழும்போதும் வேண்டாம். லேசான முனகல் இருக்கலாம். வீறிட்டு அழுதால் நீங்கள் அதிகம் இழுக்கிறீர்கள், அல்லது மூட்டில் ஏதோ இருக்கிறது. தோளில் திடீரென்று “டக்” என்று சத்தம் வந்தாலோ, போன வாரம் திரும்பிய அளவு இந்த வாரம் திரும்பாவிட்டாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தோள் ஸ்கேன் எடுத்தால் மூட்டு நழுவியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பயிற்சி முடிந்ததும் அந்தக் கையைப் பிள்ளையின் கண்ணுக்கு முன் கொண்டுவாருங்கள். பஞ்சு, துண்டு, பனையோலை விசிறியின் விளிம்பு என்று வேறு வேறு பொருளால் வருடுங்கள். தன் கையை மறந்துபோகும் பிள்ளைகள் உண்டு. விழித்திருக்கும்போது தினமும் சில நிமிடம் குப்புறப் போட்டு, முன்கையை நெஞ்சுக்கு அடியில் ஊன்றி வையுங்கள்.

கரண்ட் வைத்தால் சீக்கிரம் சரியாகுமா?

சில இடங்களில் வைக்கிறார்கள். பச்சிளங்குழந்தையின் நரம்பை அது வேகமாக வளரச்செய்யும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. அதை நம்பிக் கைப்பயிற்சியை விடுவதும், பெரிய மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதும்தான் இதில் நடக்கும் கெடுதல்.

எத்தனை மாதம் பொறுக்கலாம்? “ஒரு வயசில் தானா வந்துடும்” என்கிறார்களே?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்றாகவே தேறிவிடும். ஆனால் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு குறை மிஞ்சுகிறது. அந்தக் குழுவில் உங்கள் பிள்ளை இருக்கிறதா என்பது ஒரு வயதுக்கு வெகு முன்பே தெரிந்துவிடும். நரம்பு கிடைக்காத தசை காலப்போக்கில் சுருங்கி நாராகிவிடும். ஒன்றரை வயதுக்கு மேல் நரம்பு வந்து சேர்ந்தாலும் அதற்கு உயிர் கொடுக்க முடியாது. எனவே ஒரு வயதுவரை காத்திருப்பது இருப்பதிலேயே மோசமான ஆலோசனை.

தடுப்பூசி அட்டையைக் காலண்டராக வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் கை முழுதாகத் தேறாவிட்டால் நிபுணரிடம் அனுப்பச் சீட்டு வாங்குங்கள். ஆறாவது வார ஊசிக்குப் போகும்போது பிள்ளை தானே முழங்கையை மடக்குகிறதா என்று செவிலியரோடு சேர்ந்து பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் கையின் எடையை மீறி முழங்கையைத் தானே மடக்கி உயர்த்தத் தொடங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் முழுதாகத் தேறுவார்கள். பத்தாவது வாரம் மறுபடி பாருங்கள். பதினான்காவது வார ஊசி போடும்போது மூன்று மாதம் கடந்திருக்கும். அதற்குள் முழங்கை மடங்காவிட்டால் நரம்பு அறுவைச் சிகிச்சை செய்யும் இடத்தில் பிள்ளை காட்டப்பட்டிருக்க வேண்டும். முழுக் கையும் துவண்டு, இமையும் தொங்கும் பிள்ளைக்கு மூன்றாவது மாதத்திலேயே அறுவைச் சிகிச்சை யோசிப்பார்கள், அந்தப் பிள்ளையை முதல் மாதத்திலேயே அனுப்பிவிட வேண்டும்.

ஆறு மாதத்தில் ஒரு சோதனை உண்டு. முகத்தின் மேல் சிறு துண்டைப் போட்டு, நல்ல கையை மெல்லப் பிடித்துக்கொண்டால் அடிபட்ட கையால் இழுத்துப் போடுகிறதா என்று பார்ப்பது. ஒன்பதாம் மாதத்தில் மேற்கையை விலாவோடு பிடித்துக்கொண்டு அந்தக் கையில் தின்பண்டம் கொடுத்தால், கழுத்தை அதிகம் குனியாமல் வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று பார்ப்பது. மருத்துவமனையில் பிஸ்கட் கொடுப்பார்கள், வீட்டில் இட்லித் துண்டு போதும்.

மாதம் ஒருமுறை, அதே தேதியில், சட்டையில்லாமல் இரு கையும் தெரிய ஒரு நிமிட வீடியோ எடுத்து போனில் வைத்திருங்கள். மருத்துவர் முன்னால் பிள்ளை தூங்கிவிடும். வீடியோ தூங்காது.

எங்கே போவது?

முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு. மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அமைத்த ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தைக் கேட்டு அங்கே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிசியோதெரபி அங்கிருந்தே தொடங்கும். அறுவைச் சிகிச்சைக் கருத்துக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு. ராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 115 கிலோமீட்டர். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

எடுத்துப் போக வேண்டியவை: டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, தாய் சேய் நல அட்டை, குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, போனில் வீடியோ. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அறுவைச் சிகிச்சைத் தேதி குறித்த பிறகு ஓடினால் வாரங்கள் வீணாகும்.

பிள்ளையின் அப்பா கடலில் இருக்கிறார், அல்லது வளைகுடா நாட்டில் இருக்கிறார். அவர் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டுமா?

தேவையில்லை. தாயின் கையெழுத்து போதும். “அவர் வரட்டும்” என்று விடுப்புக்காகக் காத்திருந்து மூன்றாவது மாதத்தை ஆறாவது மாதமாக்குவதுதான் நடக்கிறது. போனில் பேசி முடிவெடுங்கள்.

அறுவைச் சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

அறுந்து வடுவான பகுதியை நீக்கி, கெண்டைக்காலில் இருக்கும் மெல்லிய உணர்ச்சி நரம்பை எடுத்து நடுவில் பாலமாகத் தைப்பார்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் சிறிது மரத்துப்போவது தவிர காலுக்குக் குறை வராது. வேரே பிடுங்கப்பட்டிருந்தால் பக்கத்தில் வேலை செய்யும் வேறு நரம்பின் ஒரு பகுதியைத் திருப்பிவிடுவார்கள். மறுநாளே கை அசையும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாளுக்கு 1 மில்லிமீட்டர் கணக்கு இங்கேயும் உண்டு. முதல் அசைவுக்கே ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை பயிற்சி தொடர வேண்டும்.

தவறவிட்ட பிள்ளைகளுக்கு வழியே இல்லை என்றில்லை. இரண்டு வயதுக்குப் பிறகு முதுகுத் தசையின் நாணை இடம்மாற்றித் தோளை வெளிப்பக்கம் திருப்ப வைக்கலாம். எலும்பைத் திருப்பி வைப்பதும் உண்டு. கை பயன்படும், ஆனால் நேரத்தில் செய்த நரம்புச் சிகிச்சைக்கு இது ஈடாகாது.

அந்தக் கையில் தடுப்பூசி போடலாமா?

போடலாம். கையில் போடும் பி.சி.ஜி. போன்றவை தோலுக்குள்ளோ தோலுக்குச் சற்றுக் கீழோதான் போகும், நரம்பைத் தொடாது. பெண்டாவேலண்ட் தொடையில் போடுவது. கையை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று மட்டும் செவிலியரிடம் சொல்லுங்கள். கைக்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பல் முளைத்த பிறகு விரலைக் கடித்துப் புண்ணாக்குகிறது.

உணர்ச்சி இல்லாத விரலையும், உணர்ச்சி திரும்பும்போது கூசும் விரலையும் பிள்ளைகள் கடிப்பார்கள். மெல்லிய பருத்தி உறை போடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், தினமும் விரலிடுக்கைப் பாருங்கள். தவழும் வயதில் கொசுவர்த்தி, அடுப்பு, வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை எல்லாம் அந்தக் கைக்குத் தெரியாமல் சுடும்.

பெரியவனானால் வேலை செய்ய முடியுமா? சான்றிதழ் கிடைக்குமா?

குறை மிஞ்சிய பிள்ளைகளுக்கும் கை சற்றுக் குட்டையாக, தலைக்கு மேலே தூக்கச் சிரமமாக இருக்குமே தவிர, எழுத, சாப்பிட, வண்டி ஓட்டப் பழகிவிடுவார்கள். நல்ல கையாலேயே எல்லாம் செய்ய விடாதீர்கள். உருண்டையைப் பிடிப்பது, பாத்திரத்தைத் தாங்குவது என்று இரண்டு கையும் வேண்டிய விளையாட்டு கொடுங்கள். வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுக்கொரு முறை தோளைப் பரிசோதிக்க வேண்டும். குறை 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மருத்துவக் குழு மதிப்பிட்டால் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படியான சலுகைகள் கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்த பிரசவம்?

ஒரு முறை தோள் மாட்டியவருக்கு மறுபடி மாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். கர்ப்பம் உறுதியான முதல் சந்திப்பிலேயே செவிலியரிடம் சொல்லி, அட்டையின் முதல் பக்கத்தில் எழுத வையுங்கள். சர்க்கரைப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்: 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. முதல் தடவை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். தாய்க்குச் சர்க்கரை ஏறினால் பிள்ளையின் தலையைவிடத் தோளும் மார்பும் பெருக்கும், மாட்டுவது அங்கேதான்.

கடைசி மாத ஸ்கேனில் எடை பார்ப்பார்கள். அந்தக் கணக்கு முன்பின் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ள தாய்க்குப் பிள்ளை 4.5 கிலோவுக்கு மேல் என்று மதிப்பிட்டால் சிசேரியனைப் பற்றிப் பேசுவார்கள். நம் பக்கத்துத் தாய்மாரின் உடல்வாகுக்கு அதற்குக் குறைந்த எடையிலேயே பேச்சை எடுக்கும் மருத்துவர்களும் உண்டு, முந்தைய பிள்ளையின் கைக் கதையைச் சொன்னால் அவர்கள் எளிதாக முடிவெடுப்பார்கள். சுகப்பிரசவமே என்று முடிவானாலும் அறுவை அரங்கும் குழந்தை மருத்துவரும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரத்துக்கு 55 கிலோமீட்டர். வலி எடுத்த பிறகு 108-ஐக் கூப்பிட்டுப் பாலத்தைக் கடப்பதைவிட, குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே போய்ப் படுக்கை வாங்கிவிடுவது நல்லது.